கால்: ஒரு சொல்வடிவமும் அதன் உறவில்லாப் பொருள்களும்

ஒரே ஒலியுடைய சொல் இரு மொழிகளில் இரு வேறு பொருள்களைத் தருவது மொழியியலார்க்குப் புதுமையன்று. ஆயினும் அவ்வொப்புமை எவ்வாறு நேர்ந்தது என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. சிலவிடத்து அது தற்செயல்; சிலவிடத்து ஒலிமாற்றத்தின் விளைவு; சிலவிடத்துக் கடன்பேறு; இன்னும் சிலவிடத்து எழுத்துமுறை உண்டாக்கிய மயக்கம். விடைக்கேற்ப மொழிபெயர்ப்பாளரின் எச்சரிக்கையும் மாறவேண்டும். இதனை விளக்கக் ‘கால்’ என்னும் ஓரசைச் சொல் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. தமிழில் அது உடலுறுப்பு, மராத்தியில் ‘நேற்று’, இந்தியில் ‘காலம்’, ‘இறப்பு’, தெலுங்கில் ‘காலு’ என நின்று பெயராயின் உறுப்பையும் வினையாயின் எரிதலையும் குறிக்கும், ஜெர்மன் மொழியில் ‘வழுக்கை’. தமிழ்ச் செய்தித்தாளில் அது தொலைபேசி அழைப்பாகவும் இருக்கலாம்.

ஜெர்மன் சொல்லும் அதனோடொத்த டச்சுச் சொல்லும் தமிழ்க் ‘கால்’ போலவே ஒலிக்கின்றன. ருமேனிய மொழியில் ‘கல்’ என்பது குதிரை; துருக்கியில் ‘கல்’ என்பது ‘தங்கு’ என்னும் ஏவல். இவற்றால் எந்த மொழிபெயர்ப்பாளரும் இடர்ப்பட்டதாகக் கூற இயலாது. மொழி அயன்மொழி என்னும் உணர்வே காவலாக நிற்கிறது. இத்தகைய ஒப்புமைகள் நேராதிருந்தால்தான் வியப்பு. தமிழின் ஓரசைச் சொல்லமைப்பைக் கணக்கிட்டால் இது விளங்கும். மொழிமுதலில் இயல்பாக வரும் க, ச, த, ந, ப, ம, வ என்னும் 7 மெய்களும் மெய்யின்றி உயிரே முதலாவதும் சேர்ந்து 8 வாய்ப்புகள். குறிலும் நெடிலுமாக உயிர்கள் 10. இறுதியில் பெருக வழங்கும் ண், ம், ன், ய், ர், ல், ழ், ள் என 8. பெருக்கினால் 640 வடிவங்கள். வகரத்தோடு உ, ஊ, ஒ, ஓ சேராமையின் 32 கழிய, எஞ்சுவன 608. ஆயிரக்கணக்கான கருத்துகளுக்குச் சொல் வேண்டும் ஒரு மொழி இந்தச் சிறு வீட்டுக்குள் பலரைக் குடிவைக்காமல் இருக்க முடியாது. பிற மொழிகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. எனவே இரு மொழிகளின் ஓரசைச் சொற்கள் மோதிக்கொள்வது விதியேயன்றி விலக்கன்று.

தொலைமொழி ஒப்புமை மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றாவிடினும் சொற்பிறப்பு ஆர்வலரை ஏமாற்றும். இலத்தீனில் ‘கல்க்ஸ்’ என்னும் வடிவில் இரு சொற்கள் உள்ளன. ஒன்றன் பொருள் குதிகால். மற்றொன்றன் பொருள் சுண்ணாம்பு, சிறுகல். தமிழில் ‘கால்’ உறுப்பு, ‘கல்’ கல்லேதான். ஒன்றல்ல, இரண்டு ஒப்புமைகள் இணையாக வந்து நிற்கும்போது ஆர்வலர் உள்ளம் துள்ளுவது இயல்பே. சிறுகல்லைக் குறிக்கும் இலத்தீன் ‘கல்குலுஸ்’ கணக்கிடுதலைக் குறிக்கும் சொற்களுக்கு அடியாயிற்று என்பதும், தமிழில் ‘கல்’ வினையாக நின்று கற்றலைக் குறிக்கும் என்பதும் இத்துள்ளலை மிகுவிக்கும். ஆனால் இலத்தீன் சொல்லின் அடி ‘கல்க்-’ என்பதாகும். வேற்றுமை உருபேற்கும்போது ‘கல்கிஸ்’ என இரண்டாம் ககரம் வெளிப்படும். அந்தக் ககரத்திற்குத் தமிழில் ஈடு இல்லை. மேலும் சுண்ணாம்பைக் குறிக்கும் சொல் கிரேக்கத்தில் சிறுகல்லைக் குறித்த ‘கலிக்ஸ்’ என்பதிலிருந்து வந்த கடன்சொல் என்பது பெரும்பான்மையோர் கருத்து. அக்கிரேக்கச் சொல்லின் முதலொலி தனிக் ககரமன்று, மூச்சொலியோடு கூடியது. பழைய வடிவத்தை நோக்கிச் செல்லச் செல்ல ஒப்புமை தேய்வதையே இங்குக் காண்கிறோம். உண்மையான இனச்சொற்கள் பழைய வடிவில் நெருங்கும். போலி ஒப்புமைகள் விலகும். 1808இல் ஹம்ப்ரி டேவி ஒரு தனிமத்திற்கு இட்ட ‘கால்சியம்’ என்னும் பெயர் இச்சுண்ணாம்புச் சொல்லிலிருந்து பிறந்ததே. கால் எலும்போடு அதற்குள்ள தொடர்பு மருத்துவத் தொடர்பேயன்றிச் சொல் தொடர்பன்று.

திராவிட மொழிகளில் கால்

தமிழுக்குள்ளேயே ‘கால்’ ஒரு சொல்லன்று. உடலுறுப்பு, நான்கில் ஒரு பங்கு, பந்தலின் தூண், நீர் செல்லும் வழி, காற்று, நெடிலைக் காட்டும் எழுத்துக்குறி, ‘வருங்கால்’, ‘செய்யுங்கால்’ என்பவற்றில் வரும் ஈறு, கக்குதல் அல்லது உமிழ்தல் எனப் பொருள்கள் பல. இவற்றுள் எவை ஒரு சொல்லின் கிளைகள், எவை வெவ்வேறு சொற்கள் என்பதே அகராதியியலாரின் முதல் வினா. பந்தற்கால், மேசைக்கால், துணைக்கால் ஆகியவை உறுப்பிலிருந்து உவமையால் விரிந்தவை என்பதில் ஐயமில்லை. பொருட்டொடர்ச்சி கண்முன் தெரிகிறது.

நான்கில் ஒரு பங்கு எவ்வாறு காலாயிற்று? விலங்குக்குக் கால்கள் நான்கு. ஒரு கால் நான்கில் ஒன்று. இவ்விளக்கத்திற்கு வலுவான துணை வடமொழியில் கிடைக்கிறது. ‘பாதம்’ என்னும் சொல் அடியையும் கால்பங்கையும் ஒருங்கே குறிக்கும். அதன் வழிவந்த இந்திச் சொற்கள் இரண்டு: கால்பங்கைக் குறிக்கும் ‘பாவ்’, மூக்கொலியுடன் ஒலிக்கப்பெற்று உறுப்பைக் குறிக்கும் ‘பாவ்’. தமிழ்க் ‘கால்’ என்பதற்கும் வடமொழிப் ‘பாதம்’ என்பதற்கும் ஒலியில் எவ்வகை ஒற்றுமையும் இல்லை. பொருள் விரிந்த வழி மட்டும் ஒன்றே. ஒலியொப்புமையைத் தேடி அலைபவர் தவறவிடும் உறவு இதுவே. கன்னடத்திலும் மலையாளத்திலும் இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் உள்ளன. சிங்களத்தில் ‘கால’ என்பது கால்பங்கு. அது தமிழிலிருந்து சென்றதாகக் கருதப்படுவது. ‘பஹய் கால’ என்றால் ஐந்தேகால் மணி. அதே மொழியில் வடமொழி வழிவந்த ‘காலய’ என்பது காலம். மணி சொல்லும் வாக்கியத்தில் இரண்டும் அருகருகே வரக்கூடும் என்பதைச் சிங்கள – தமிழ் மொழிபெயர்ப்பாளர் அறிவர்.

நீர்வழியைக் குறிக்கும் ‘கால்’ வேறு கதை. வாய்க்கால் ஆற்றின் கால் போன்றது என்று பாமர விளக்கம் தரப்படுவதுண்டு. ஆனால் தெலுங்கில் ‘காலுவ’, கன்னடத்தில் ‘காலுவெ’ என இச்சொல் தனக்கே உரிய வடிவங்களுடன் வழங்குகிறது. உறுப்போ அம்மொழிகளில் ‘காலு’ என்றும் துளுவில் ‘காரு’ என்றும் நிற்கிறது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருந்திய பதிப்பு 1984) இவ்விரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகவே வைத்துள்ளது. தமிழ் மட்டும் அறிந்தவர்க்கு ஒன்றாகத் தோன்றுவது உடன்பிறந்த மொழிகளை அருகில் வைத்தால் இரண்டாகப் பிரிகிறது. வங்காளத்தில் வாய்க்காலைக் குறிக்கும் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் அதுவும் ‘கால்’ என்றே அமையும். ஒலியும் பொருளும் சேர்ந்து நெருங்கும் இவ்விடத்தில்தான் எச்சரிக்கை மிகுதியாக வேண்டும். வங்காளச் சொல்லின் முதலொலி மூச்சொலி உடையது. பள்ளம், குழி என்னும் பொருளுடைய இந்தோ-ஆரியச் சொற்களோடு அதனை இணைத்துக் காண்பதே முறை.

தெலுங்கில் ‘காலு’ வினையாக வரும்போது ‘எரி, வேகு’ எனப் பொருள்படும். நிலைகொள்ளாது அலைபவரைக் குறிக்கத் தெலுங்கர் ‘காலு காலின பில்லி’ என்பர்; கால் சுட்டுக்கொண்ட பூனை என்பது பொருள். இரு வேறு சொற்கள் ஒரே ஒலியில் அடுத்தடுத்து நிற்கும் இத்தொடர் தெலுங்கர் காதுக்குச் சற்றும் மயக்கம் தருவதில்லை. தமிழிலும் ‘கால்’ வினையாக வரும். ஆனால் அது ‘நஞ்சு காலும்’ என்றாற்போல உமிழ்தலைக் குறிக்கும் இலக்கிய வழக்கு. தெலுங்கு வினையை இதனோடு பொருத்தி ‘காலை உமிழ்ந்த பூனை’ என்று எவரும் எழுதப்போவதில்லை எனினும், பழந்தெலுங்குச் செய்யுளை மொழிபெயர்ப்பவர் நெருப்பு வரும் இடங்களில் தடுமாற வாய்ப்புண்டு.

குறில் வடிவமாகிய ‘கல்’ என்பதில் இத்தடுமாற்றம் மேலும் நுட்பமாக அமைகிறது. கன்னடத்தில் ‘கல்லு’ கல், ‘கள்ளு’ கள். தெலுங்கில் ‘கல்லு’ என்பது கள். ‘கள்ளு’ என்பது கண்கள். இவை தற்செயல் அல்ல. பழைய ‘கள்’ என்பதன் ளகரம் தெலுங்கில் லகரமாயிற்று. அதன்பின் கண்ணைக் குறிக்கும் ‘கன்னு’ பன்மையில் ‘கள்ளு’ என மருவி, காலியான இடத்தில் அமர்ந்தது. ஒலிமாற்றம் ஒரு சொல்லை ஓரிடத்திலிருந்து நகர்த்த, வேறொன்று அங்குக் குடியேறிய கதை இது. இரு மொழிகளும் ஒரே குடும்பத்தவை. இரண்டிலும் உள்ள சொற்கள் யாவும் திராவிடச் சொற்களே. இனமொழியாதலால் ஒலியொத்தால் பொருளும் ஒக்கும் என்று கருதுபவர் இங்குத்தான் வழுக்கி விழுவர். ருமேனியக் குதிரையால் வராத தீங்கு அண்டை வீட்டுக் கல்லால் வருகிறது.

காலமும் நேற்றும்

இந்தோ-ஆரிய மொழிகளில் நிலைமை வேறு. அங்கு இரு வடமொழிச் சொற்கள் பிற்கால மொழிகளில் நெருங்கி வந்து, சிலவற்றில் ஒன்றாகிவிட்டன. ஒன்று, ‘காலம்’. மற்றொன்று, விடியலைக் குறித்த ‘கல்யம்’. பின்னது பிராகிருதத்தில் ‘கல்ல’ என்றாகி, இந்தியில் ‘கல்’, வங்காளம், மராத்தி, குஜராத்தி ஆகியவற்றில் ‘கால்’ என நின்றது. விடியலிலிருந்து அடுத்த நாள் என்னும் பொருள் பிறப்பது பல மொழிகளில் உள்ளதே. ஜெர்மன் மொழியில் காலைக்கும் நாளைக்கும் ஒரே சொல். இந்தியில் அது நாளையோடு நில்லாது, இன்றைக்கு இப்புறமும் அப்புறமும் உள்ள இரு நாள்களையும் குறித்தது.

வங்காளத்தில் ‘கால்’ என்பது காலமாகவும் இருக்கலாம், நேற்று அல்லது நாளையாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே சொல்லின் பொருள்கள் என்றே வங்காளரில் பலரும் எண்ணுவர். காலமும் நாளும் நெருங்கிய கருத்துகள் ஆதலின் அவ்வெண்ணம் இயல்பானது. அது தவறென்பதற்குச் சான்று மராத்தியில் உள்ளது. வடமொழியில் உயிர்களுக்கிடையே நின்ற தனி லகரம் மராத்தியில் ளகரமாயிற்று. ‘பலம்’ என்னும் பழச்சொல் ‘பள்’ ஆனது போல. இரட்டித்த லகரம் ஒற்றையாகக் குறைந்ததேயன்றி ளகரமாகவில்லை. எனவே ‘காலம்’ மராத்தியில் ‘காள்’ ஆயிற்று. ‘கல்ல’ என்பதோ முன்னுயிர் நீண்டு ‘கால்’ ஆயிற்று. குஜராத்தியும் இவ்வேறுபாட்டைக் காக்கிறது. வங்காளத்திலும் இந்தியிலும் ளகரம் இல்லை. இந்தியில் உயிரின் குறுமை சொற்களைப் பிரித்து நிறுத்தியது. வங்காளத்தில் அதுவும் இன்மையால் இரண்டும் கலந்தன. ஒரு மொழியில் அழிந்த வரலாறு அடுத்த மொழியின் ஓர் எழுத்தில் எஞ்சியிருப்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

மொழிபெயர்ப்பில் இதன் பயன் உடனடியானது. இந்திக் ‘கல்’ இருபுறமும் நோக்கும். மராத்திக் ‘கால்’ நேற்றை மட்டுமே குறிக்கும். நாளைக்கு அங்கு ‘உத்யா’ என்னும் தனிச்சொல் உண்டு. வினைமுற்று உள்ள வாக்கியத்தில் காலம் தெளிவாகிவிடும். ‘கல் கீ பைட்டக்’ என்னும் தலைப்பிலோ வினைமுற்று இல்லை. அது நேற்றைய கூட்டமா நாளைய கூட்டமா என்பதை நாளேட்டின் தேதியும் செய்தியின் உடலும்தான் கூறும். அதனை மராத்தியில் ‘கால்’ என்றே பெயர்ப்பவர் கூட்டத்தை நடந்து முடிந்ததாக ஆக்கிவிடுவார். அறிவிப்புகளிலும் வாக்குமூலங்களிலும் இப்பிழை சொற்பிழையோடு நில்லாது.

வங்காளத்திலிருந்து தமிழுக்கு வருபவர்க்கு மற்றொரு பொறி உள்ளது. ‘கதகால்’ என்னும் சொல்லில் முதற்பகுதி ‘சென்ற’ எனப் பொருள்படும் வடசொல். வடமொழி அறிவு மிகுந்த தமிழர் அதனைத் தயங்காது ‘சென்ற காலம்’ என்று எழுதுவார். அதன் பொருள் ‘நேற்று’. இங்கு அறியாமையைவிட அரைகுறை அறிவே பிழைக்குக் காரணமாகிறது.

தமிழ்க் ‘காலை’ இவ்விடத்தில் குறுக்கிடக்கூடும். விடியலைக் குறித்த ‘கல்ய’த்தோடு அதனை இணைக்கும் ஆசை எழுவது இயற்கை. ஆனால் தொல்காப்பியத்தில் ‘காலை’ என்பது பொழுது, சமயம் என்னும் பொதுப்பொருளில் வழங்குகிறது. விடிபொழுது என்பது பின்னர்ச் சுருங்கிய பொருள். வடசொல் விடியலிலிருந்து நாளுக்கு விரிந்தது. தமிழ்ச்சொல் பொழுதிலிருந்து விடியலுக்குச் சுருங்கியது. எதிரெதிர் திசையில் சென்ற இருவர் வழியில் சந்தித்ததைக் கொண்டு அவர்களை ஒரே ஊரினர் எனல் பொருந்தாது. ‘காலம்’ என்பதே தமிழா வடமொழியா என்பதில் அறிஞரிடையே நெடுநாள் கருத்து வேறுபாடு உண்டு. ‘கால்’ என்பதனைத் தொல்காப்பிய வினையியல் வினையெச்ச ஈறுகளோடு வைத்துக் கூறுவதைத் தமிழ்ச்சார்பினர் எடுத்துக்காட்டுவர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், மராத்திக் ‘கால்’ அதில் சான்றாகாது.

பஞ்சமும் பரம்பொருளும்

‘காலம்’ என்னும் சொல்லின் வழிவந்தவற்றுள்ளும் பொருள் ஒன்றாக இல்லை. இந்தியில் ‘கால்’ காலத்தையும் கூற்றையும் குறிக்கும். இராசத்தானத்தில் பஞ்சத்தைக் குறிக்கும். 1899–1900இல் அங்கு நேர்ந்த கொடும்பஞ்சம் விக்கிரம ஆண்டு 1956இல் வந்தமையால் ‘சப்பனியா கால்’, அதாவது ஐம்பத்தாறின் பஞ்சம், எனப்படுகிறது. தமிழகத்தில் 1876–78 பஞ்சம் தாது வருடப் பஞ்சம் என ஆண்டின் பெயராலேயே நினைக்கப்படுவதால், மொழிபெயர்ப்பாளர்க்கு இங்கு ஆயத்தமான சொல்லமைப்பு உள்ளது. எதிர்மறை முன்னொட்டுப் பெற்ற ‘அகால்’ என்பதும் இந்தியில் பஞ்சமே. முன்னொட்டு இருப்பினும் இல்லாவிடினும் பொருள் ஒன்றாகும் விந்தை இது. வங்காளத்தில் ‘ஆகால்’, மிருணாள் சென்னின் 1980ஆம் ஆண்டுத் திரைப்படமான ‘ஆகாலேர் சந்தானே’ பஞ்சத்தைத் தேடிய கதை. தமிழில் ‘அகாலம்’ என்பது வேளையல்லாத வேளை. சீக்கிய வழக்கிலோ ‘அகால்’ என்பது காலத்துக்கு அப்பாற்பட்ட இறைவன். அமிர்தசரசில் உள்ள அகால் தக்த் காலங்கடந்தவனின் அரியணை.

ஒரே முன்னொட்டு, ஒரே பகுதி. ஆயினும் ஒன்று உண்ணச் சோறில்லாமை, ஒன்று நடுநிசி, ஒன்று கடவுள். இவை ஒலியொப்புமைச் சொற்களல்ல. ஒரே சொல்லின் பிள்ளைகள். எனினும் மொழிபெயர்ப்பாளர்க்கு இவற்றால் வரும் இடர், உறவே இல்லாத சொற்களால் வருவதினும் பெரிது. வரலாற்று மொழியியல் இவற்றை ஒரு பதிவில் வைக்கும். மொழிபெயர்ப்பு அகராதி தனித்தனியே வைத்தாக வேண்டும். இவ்விரு அகராதிகளின் நோக்கமும் வேறு என்பதை மறந்து, முன்னதைப் பார்த்துப் பின்னதைத் தொகுக்கும் வழக்கம் நம் பன்மொழிச் சொற்றொகுதிகளில் உண்டு; அது விடத்தக்கது.

எழுத்து உண்டாக்கும் மயக்கம்

தமிழ் எழுத்தில் ககரம் ஒன்றே. இந்தியில் தோலைக் குறிக்கும் சொல், கன்னத்தைக் குறிக்கும் சொல், காலத்தைக் குறிக்கும் சொல் ஆகிய மூன்றும் முதலொலியில் வேறுபட்டவை. தமிழில் எழுதினால் மூன்றும் ‘கால்’. ஆங்கிலத்தில் அழைப்பைக் குறிக்கும் சொல்லின் உயிர் ஆகாரமும் அன்று, ஓகாரமும் அன்று. தமிழில் அதற்குத் தனியெழுத்தின்மையின் துணைக்கால் இட்டு எழுதுகின்றனர். அவ்வகையில் ‘மிஸ்டு கால்’, ‘கால் டாக்சி’, திரையுலகின் ‘கால்ஷீட்’ ஆகியவை தோன்றின. பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘வாலிபால்’ என்பதில் பாலாக நிற்பதும் இவ்வாறே. கால்சட்டை, கால்ஷீட் என்னும் இரண்டும் எழுத்தில் ஒரே ‘கால்’ கொண்டு தொடங்கும்; ஒன்றில் உறுப்பு, ஒன்றில் அழைப்பு.

பேச்சில் உயிரொலி பெரும்பாலும் வேறுபாட்டைக் காட்டிவிடும். எழுத்தில் அது மறைகிறது. ‘கால் வரவில்லை’ என்னும் தொடர் அழைப்பு வராமையையும் குறிக்கலாம். செல்ல மனமின்றித் தயங்கி நிற்பதையும் குறிக்கலாம். மனித வாசகர் சூழலால் தெளிவர். எழுத்து வடிவத்தை மட்டுமே கொண்டு இயங்கும் கணினி மொழிபெயர்ப்புக்குச் சூழலைத் தவிர வேறு துணை இல்லை. குறுஞ்செய்தியிலோ சூழலே இராது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–36) ஒரே வடிவுடைய வெவ்வேறு சொற்களுக்கு மேலெண் இட்டுத் தனிப்பதிவாக்கியது. அம்முறையைக் கடன்சொற்களுக்கும் விரித்து, ஒவ்வொன்றின் மூலமொழியையும் ஒலிப்பையும் பதிவிலேயே காட்டினால் கணினிக்கும் மனிதர்க்கும் ஒருங்கே உதவும்.

தமிழெழுத்து எல்லா இடத்திலும் குறையுடையதன்று என்பதையும் கூறல்வேண்டும். மராத்தியின் ளகரத்தை இந்தி எழுத்துவழக்கு லகரமாக்கிவிடும். ஆங்கில எழுத்தும் அவ்வாறே. தமிழில் ளகரம் உண்டு. மும்பையின் ஒரு பகுதியை மராத்தியர் ‘காள்பாதேவி’ என்பர். ஆங்கிலத்தைப் பார்த்து எழுதுவோர் அதனைத் தமிழில் ‘கல்பாதேவி’ என்று எழுதிவருகின்றனர். மராத்தி எழுத்தை நேரே பார்த்து எழுதினால் நெடிலும் ளகரமும் இரண்டுமே தமிழில் பிழையின்றி நிற்கும்.